ஸ்பெயின் கைவேலை லோஃபர், பழைய ஜோடி: அடி மாற்ற முடியுமா, பூஞ்சைக்கு என்ன செய்ய?

இரணியல்_42 | இரணியல்

அண்ணன்மாரே, அக்காமாரே, தோல் வேலை தெரிஞ்சவங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லணும்.

பழைய ஸ்பெயின் லோஃபர், அதாவது கயிறில்லாம காலை நுழைக்கிற ஷூ, ஒரு ஜோடி கையில இருக்கு. பர்கண்டி நிறம், நல்ல மினுக்கம். முன்னால சுருக்கு வச்சுத் தைச்ச மேல்தட்டு, அதுக்கு மேல குறுக்குப் பட்டை, பட்டையில ரெண்டு தோல் குஞ்சம். உள்ளே தங்க எழுத்து பாதி அழிஞ்சு போச்சு. ‘ஸ்பெயினில் செய்தது’, ‘கையால் தைத்தது’ ரெண்டும் ஸ்பானிஷ்ல இருக்கு, அதுவரைக்கும் வாசிக்க முடியுது. கம்பெனிப் பேரு தெரியல. அளவு 42. அடி முழுசும் தோல், குதி நுனியில மட்டும் ரப்பர்.

இப்போதைய நிலைமை: வலது ஷூவுல விரல் மடங்குற இடத்துல மெல்லிசா கீறல் விழுந்திருக்கு. ரெண்டுக்கும் உள்ளே வெள்ளைப் பூஞ்சை, மக்கின வாடை. அடியில விரல் பக்கம் தேய்ஞ்சு மெலிஞ்சுட்டு. இடது குதி லேசா ஆடுது.

தெரிய வேண்டியது: இது ஸ்பெயின்ல எந்தப் பக்கத்து வேலை, எவ்வளவு பழசு இருக்கும்? நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அடி மாத்த முடியுமா? வீட்டுல தேங்காய் எண்ணெய் தேய்ச்சா தோல் இளகும்னு சொல்றாங்க, தேய்க்கலாமா? நடக்கும்போது கால் குதி ஷூவை விட்டுக் கொஞ்சம் கழண்டு வருது, அதுக்கும் ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.

---

வேளிமலை | தக்கலை

தம்பி, மேல்தட்டு, குறுக்குப் பட்டை, குஞ்சம், பர்கண்டி மினுக்கம் எல்லாம் சேர்ந்தால் ஸ்பெயினில் அதை ‘கஸ்தெயானோ’ என்பார்கள். லோஃபர் என்ற வடிவம் நார்வேயின் அவுர்லாந்து மீனவர் ஊர்ப் பக்கமிருந்து அமெரிக்கா போய், 1936-ல் பாஸ் கம்பெனியின் ‘வீஜன்’ ஆனது. ஸ்பெயின்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றினார்கள்: கெட்டியான தோல், தோல் அடி, அழுத்தமான மினுக்கம். அந்த மினுக்கத் தோலுக்கு ‘ஃப்ளோரென்டிக்’ என்று பெயர். மாட்டுத்தோலின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, நிறப்பூச்சு ஏற்றி, பிரஷ்ஷால் உரசி மெருகேற்றியது. இதை மனதில் வையுங்கள், கீறலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஊர் விஷயம். ஆண்கள் ஷூவுக்கு ஸ்பெயினில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று மயோர்க்கா தீவிலுள்ள இங்கா என்ற சிற்றூர். அந்தோனியோ ஃபுளுக்ஸா இங்கிலாந்து போய் இயந்திரத் தொழிலைப் பார்த்துவிட்டு வந்து 1877-ல் அங்கே தொடங்கியதுதான் பிற்பாடு லொட்டூஸ் ஷூ கம்பெனி. அதே குடும்பத்துப் பேரன் 1975-ல் தொடங்கியது கம்பேர். 1866-ல் மத்தியாஸ் புஜாதாஸ் வைத்த பட்டறையின் வழியில் வந்தவர்கள் கார்மினா. கார்மினாவுக்கு முன் அதே குடும்பத்தவர் 1961-ல் தொடங்கியது யாங்கோ. இரண்டாவது இடம் அல்பாசெத்தே மாகாணத்தின் அல்மான்சா. மக்னானி 1954 முதல் அங்கே இருக்கிறது. அலிகாந்தே பக்கம் எல்டா, பெத்ரேர் இரண்டும் பெரும்பாலும் பெண்கள் ஷூ. எல்சே எல்லா விலைக்கும் செய்யும் பெரிய ஊர். வடக்கே லா ரியோஹாவில் ஆர்னேதோ. உள்முத்திரையில் ஊர்ப் பெயர் ஒரு எழுத்தாவது மிஞ்சியிருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தங்கம் போயிருந்தாலும் அச்சின் பள்ளம் தோலில் இருக்கும்.

வயது கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மேல், உள், அடி மூன்றும் எதனால் ஆனவை என்று சின்னப் படங்களால் காட்டும் சீட்டு ஐரோப்பாவில் 1994 சட்டப்படி வந்தது, 1996 மார்ச் முதல் கட்டாயம். விரித்த தோல் வடிவப் படம் என்றால் தோல், சாய்சதுரம் என்றால் வேறு பொருள். அந்தப் படங்கள் அடியிலோ உள்ளேயோ அச்சாகி இருந்தால் உங்கள் ஜோடி அந்தச் சட்டத்துக்குப் பிற்பட்டது. இல்லாவிட்டால் உடனே ‘பழசு’ என்று முடிவு கட்டாதீர்கள். ஒட்டுச்சீட்டாக இருந்து உரிந்தும் போயிருக்கலாம்.

‘கையால் தைத்தது’ என்ற முத்திரை முழு ஷூவையும் குறிக்காது. லோஃபரில் அது அநேகமாக மேல்தட்டுத் தையலைத்தான் சொல்கிறது. பக்கத்தோலின் விளிம்பு நீளம், மேல்தட்டின் விளிம்பு அதைவிடக் குட்டை. நீளமானதைக் குட்டையானதோடு சேர்க்கும்போது ஒவ்வொரு தையலிலும் பக்கத்தோலைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து ஏற்ற வேண்டும். அதனால்தான் சுருக்கு விழுகிறது. ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே துளையில் இரண்டும் எதிரெதிராகப் போகும். விரல் முனையில் சுருக்கு நெருக்கமாக இருந்து, பக்கவாட்டில் வரவர அடங்கி, பட்டைக்கு அருகில் மட்டமாகிவிட்டால் அது கைவேலை. எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் ஒரு வரம்பு மட்டும் எழும்பி, நூல் அதன்மேல் அலங்காரத்துக்கு ஓடினால் இயந்திரம். இரண்டு ஷூவையும் பக்கத்தில் வைத்துச் சுருக்குகளை எண்ணிப் பாருங்கள். கைவேலையில் ஒன்றிரண்டு வித்தியாசம் வரும், அது குறையல்ல.

அடி மாற்றலாமா என்பதற்கு முன்னால், அடி எதனால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். குதியின் உள்மெத்தையை மெதுவாகத் தூக்கி, விரல் பக்கம் வரை எட்டிப் பாருங்கள். இன்சோலின் (பாதம் படியும் உள் அடித்தட்டின்) ஓரத்தை ஒட்டி உள்ளே வரிசையாகத் தையல் தெரிந்தால் பிளேக். உள்ளே தையல் இல்லாமல், வெளியே அடியின் மேல்விளிம்பைச் சுற்றி ஒரு தோல் பட்டையும் அதில் தையலும் இருந்தால் குட்இயர் வெல்ட். இன்சோல் என்று தனியாகவே இல்லாமல், மேல்தோலே பாதத்துக்கு அடியில் தொட்டிலாகச் சுற்றி வந்தால் அசல் மொக்காசின். உள்ளேயும் வெளியேயும் தையலே இல்லை என்றால் பசை. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

பழையாறு | நாகர்கோவில்

அடியைப் பற்றி மற்றவங்க சொல்லட்டும். அதுக்கு முன்னால பூஞ்சையை எடுங்க. பூஞ்சை இருக்கிற தோல் மேல எண்ணெயோ கிரீமோ எது போட்டாலும் அது பூஞ்சைக்குத் தீனிதான்.

வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கிட்டு, காய்ந்த பிரஷ்ஷால தட்டி எடுங்க. அந்த பிரஷ்ஷை அப்புறம் வேற ஷூவுக்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்துக்கடையில கிடைக்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணியும் சமஅளவு கலந்து, துணியில தொட்டுப் பிழிஞ்சு, லைனிங் (ஷூவோட உள்தோல்) முழுசும் துடைங்க. ஊத்தக் கூடாது. வெளித்தோல்ல படாம பார்த்துக்கங்க, ஃப்ளோரென்டிக் மினுக்கத்தை ஆல்கஹால் மங்க வச்சுடும். வெளியே பூஞ்சை இருந்தா லேசா ஈரமான துணியே போதும். விரல் முனைக்குள்ள கை போகாது. பல் தேய்க்கிற பிரஷ்ஷில துணியைச் சுத்தி உள்ளே விடுங்க, பூஞ்சை அதிகம் தங்குற இடம் அதுதான். பிறகு ஃபேன் காத்துல, நிழல்ல ரெண்டு நாள். வெயில்ல வைக்காதீங்க. வெயில் பூஞ்சையைக் கொல்லும்னு வைப்பாங்க, ஆனா தோல் வேகமா காயும்போது சுருங்கும், இன்சோல் வளைஞ்சு மேல எழும்பும், பழைய பசை விட்டுப்போகும்.

அடுத்தது தோல் பிழைக்குமா என்கிற சோதனை. லைனிங்கையும் இன்சோலையும் காய்ந்த வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ங்க. செங்காவி நிறத்துல பொடி வந்தா அது மரப்பட்டையில பதனிட்ட தோல் அமிலமாகி உதிர்ற நோய். அதுக்கு மருந்து கிடையாது. அந்த ஷூவை அலமாரியில வைக்கலாம், நடக்கக் கூடாது. பொடி வராட்டா அடுத்த கட்டம்: கீறல் இருக்கிற இடத்துல வெளியே பேனாவைக் குறுக்கே வச்சு, ஷூவை மெதுவா மடக்கி, கீறலுக்குள்ள பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. அடியில இன்னும் பர்கண்டி நிறமே தெரிஞ்சா விரிஞ்சது பூச்சு மட்டும். பழுப்பு நிறத்துல நார் நாரா தெரிஞ்சா தோலே விரிஞ்சிருக்கு. பூச்சுக் கீறலை மறைக்கலாம். நார் விரிஞ்சதை எந்த கிரீமாலயும் ஒட்ட வைக்க முடியாது. பின்னாடி மெல்லிய தோல் ஒட்டு கொடுத்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

இனி தேங்காய் எண்ணெய். வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் சூட்டுல அது கட்டிப்படாது, தண்ணியாவே இருக்கும். தோல்ல ஒரு இடத்துல நிக்காம லைனிங், இன்சோல், பசை எல்லாத்துக்கும் இறங்கும். பசையில எண்ணெய் இறங்கினா அடி பிரியும், அப்புறம் புதுப் பசையும் அந்த இடத்துல பிடிக்காது. அடி மாத்தப் போற ஷூவுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. தவிர, லோஃபருக்குக் கயிறு கிடையாது. தோல் அளவுக்கு மீறி இளகினா இறுக்கிக் கட்ட வழியில்லை, ஷூ தொளதொளன்னு ஆயிடும். ஃப்ளோரென்டிக் தோல்ல இன்னொரு சங்கதியும் இருக்கு: மேல்பூச்சு வழியா எண்ணெய் சரியா உள்ளே போகாது, கீறல் வழியா மட்டும் போகும். கீறல் இருக்கிற இடம் கருத்துத் திட்டுத்திட்டா ஆயிடும்.

போட வேண்டியது ஷூ கிரீம், பர்கண்டி நிறம். ஒரு ஷூவுக்கு அரை டீஸ்பூனுக்கு மேல வேண்டாம். விரல்ல துணி சுத்தி வட்டமா தேய்ச்சு, 12 மணி நேரம் விட்டு, பிரஷ் போட்டு, ரெண்டாவது கை இன்னும் மெலிசா. மேல மெழுகு பாலிஷ், மடங்குற இடத்துல மட்டும் மெழுகைக் குறைச்சுப் போடணும். அங்கே தடிமனா போட்டா மெழுகே வெடிச்சு வெள்ளைக் கோடு விழும்.

லைனிங்குக்குத் தனியா ஏதாவது வேணும்னா மார்த்தாண்டத்துல தேன்மெழுகு சுத்தமா கிடைக்குமே. ஒரு பங்கு மெழுகு, மூணு பங்கு நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்புல எடுக்கிறது). நேரா அடுப்புல வைக்காம வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வச்சு உருக்குங்க; மெழுகு 62 முதல் 64 டிகிரியில உருகும், அதுக்கு மேல சூடு தேவையில்லை. ஆறினதும் கெட்டிக் களிம்பா வரும். இதைப் பூச்சில்லாத தோலுக்கு மட்டும், ரொம்ப மெல்லிசா. வெளியே இருக்கிற மினுக்கத்துக்கு இது ஆகாது.

---

குத்தூசி | மார்த்தாண்டம்

எண்ணெய் பத்திப் பழையாறு அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கடைக்கு வர்ற பழைய தோல் ஷூவுல பசை பிடிக்காததுக்குப் பெரிய காரணமே வீட்டு எண்ணெய்தான்.

அடி விஷயத்துக்கு வருவோம். உங்களது பிளேக்கா வெல்ட்டான்னு தெரியறதுக்கு முன்னாடியே ரெண்டுக்கும் சொல்லிடுறேன்.

வெல்ட்டா இருந்தா நம்ம பக்கமே முடியும், ஆனா கை நல்லா இருக்கிற ஆளா பார்க்கணும். அடியைப் பிடிச்சிருக்கிற தையல் வெளியே, வெல்ட் பட்டையில ஓடுது. அதை வெட்டி அடியைக் கழட்டினா மேல்தோலுக்கு ஒண்ணும் ஆகாது. புது அடி 5 மி.மீ. தோல். தண்ணியில போட்டு குமிழி நிக்கிற வரைக்கும் ஊற விடணும், கால் மணி இருபது நிமிஷம் ஆகும். எடுத்து ஈரத்துணியில சுத்தி ஒரு ராத்திரி வச்சா உள்ளே வெளியே ஈரம் சமமாகும். அப்புறம் இரும்புக் கட்டையில வச்சு சுத்தியலால அடிச்சு இறுக்கணும். இப்படிச் சுத்தியலால இறுக்காம விட்டுட்டா புது அடி சீக்கிரம் தேயும், மழைத் தண்ணியையும் குடிக்கும். உள்ளே கார்க் நிரப்பு பொடிஞ்சிருந்தா எடுத்துட்டுப் புதுசு போடணும், இல்லாட்டா நடக்கும்போது கிரீச்சுனு சத்தம் வரும். தையல் பழைய துளையிலயே வரணும். புதுத் துளை போட்டா வெல்ட் கிழிஞ்சுடும். நூலுக்குத் தேன்மெழுகு மட்டும் பூசினா நம்ம சூட்டுக்கு வழுக்கும். ரோசின் (பைன் மரப் பிசின்) கொஞ்சம் சேர்த்து உருக்கிப் பூசினா துளையில கடிச்சுப் பிடிக்கும்.

வெல்ட்டுல இன்னொரு சிக்கல். குட்இயர் முறையில இன்சோலுக்கு அடியில துணி வரம்பு ஒண்ணை பசையில ஒட்டி, அதுலதான் வெல்ட்டைத் தைச்சிருப்பாங்க. ஈர ஊர்ல வருஷக்கணக்கா சும்மா கிடந்தா அந்தப் பசை விட்டுடும். அடியைக் கழட்டினதும் அந்த வரம்பை நகத்தால தள்ளிப் பாருங்க. நகர்ந்தா முதல்ல அதை ஒட்டணும், அப்புறம்தான் அடி. கையாலயே வெல்ட் தைச்ச ஷூவுல இந்தத் தொல்லை இல்லை, அதுல இன்சோல் தோலையே செதுக்கித் தைச்சிருப்பாங்க.

பிளேக்கா இருந்தா கதை வேற. தையல் அடியிலிருந்து நேரா இன்சோலைத் துளைச்சு ஷூவுக்கு உள்ளே வருது. அதைத் தைக்க ஷூவுக்குள்ள கொம்பு நுழையுற இயந்திரம் வேணும். கையால செய்யலாமேன்னு கேட்பீங்க: குதியிலயும் நடுவுலயும் செய்யலாம். விரல் பக்கத்துல உள்ளே கை போய் ஊசியைப் பிடிக்கவே முடியாது. அந்த இடத்தைத் தைக்காம பசையில விட்டா, நடக்கும்போது அதிகமா வளையுற இடமே அதுதான், சீக்கிரம் வாய் பிளக்கும். பிளேக் இயந்திரம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ தொழிற்சாலைகள்ல இருக்கும். ஒத்தை ஜோடி வேலை எடுப்பாங்களான்னு முன்கூட்டியே கேட்டுட்டு அனுப்புங்க.

எந்த முறையா இருந்தாலும் ஒண்ணு கண்டிப்பா கேளுங்க: அடியைக் கழட்டும்போது உள்ளே லாஸ்ட் (கால் வடிவ அச்சுக்கட்டை) போடுவாங்களா? லாஸ்ட் இல்லாம அடியை மாத்தினா மேல்தோல் சுருங்கி, முறுக்கிக்கிட்டு ஒட்டும். லேஸ் ஷூவுல அது அவ்வளவா தெரியாது. லோஃபர்ல வாய் விரியும், இல்ல பட்டை கோணும். உங்க அளவுக்கு லாஸ்ட் கணக்கு லேசு. ஐரோப்பிய அளவு ஒண்ணுக்கு 2/3 செ.மீ. 42-ஐ அதால பெருக்கினா லாஸ்ட் நீளம் 28 செ.மீ. இங்கிலாந்து அளவு 8-க்கு லாஸ்ட் 11 அங்குலம், அதாவது 27.94 செ.மீ. ஆக 8-ஆம் நம்பர் லாஸ்ட் நீளத்துக்குச் சரியா வரும். அகலமும் மேல்கட்டின் உயரமும் பொருந்துதான்னு போட்டுப் பார்த்துக்கிட்டா போதும்.

குதி ஆடுறது சின்ன வேலைன்னு நினைச்சுடாதீங்க. மேலிருந்து ஆணி அடிச்சு இறுக்கிக் குடுத்துடுவாங்க, அது ஆறு மாசம்கூட நிக்காது. பழைய ஷூவுல குதி அடுக்கைப் பிடிச்சிருக்கிறது இரும்பு ஆணின்னா, ஈரத்துல துரு பிடிச்சு, மரப்பட்டையில பதனிட்ட தோல்ல இருக்கிற துவர்ப்போடு சேர்ந்து ஆணியைச் சுத்தி கருப்பா ஆயிருக்கும். அந்தக் கருப்புத் தோல் பொடிஞ்சு ஓட்டை பெரிசாகும், ஆணி பிடிக்க இடமிருக்காது. குதியை முழுசா கழட்டி, கருத்த அடுக்கை மாத்தி, பித்தளை ஆணி அடிக்கணும். கழட்டும்போதே நடுப்பாதத்துல இருக்கிற எஃகுத் தகட்டையும் பாருங்க. காந்தம் வச்சா தகடு எங்கேன்னு தெரியும். துரு ஏறி வீங்கியிருந்தா அதையும் மாத்தணும், இல்லாட்டா நடக்கும்போது டக் டக்னு அடிக்கும்.

---

இரணியல்_42 | இரணியல்

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. சொன்னபடி பார்த்தாச்சு.

உள்மெத்தையைத் தூக்கினா இன்சோல் ஓரத்துல வரிசையா தையல் இருக்கு, அதனால பிளேக்தான். மேல்தட்டுச் சுருக்கு விரல் முனையில நெருக்கமாவும் பக்கத்துல மட்டமாவும் இருக்கு. ரெண்டு ஷூவுக்கும் எண்ணிக்கை ஒண்ணு வித்தியாசம். படச்சீட்டு எங்கேயும் இல்லை. விளக்கைச் சாய்ச்சுப் பிடிச்சதுல முத்திரைப் பள்ளத்துல ‘அல்ம’ன்னு ஆரம்பிக்கிற மாதிரி தெரியுது. துணியில செங்காவிப் பொடி வரல. கீறலுக்குள்ள பர்கண்டி நிறம்தான்.

அடியை வெர்னியர் வச்சு அளந்தா விரல் பக்கம் மெலிஞ்ச இடத்துல 3.5 மி.மீ. இருக்கு. நடுப்பாதத்து ஓரத்துல 5. இப்பவே முழு அடி மாத்தணுமா?

---

குத்தூசி | மார்த்தாண்டம்

வேண்டாம் தம்பி. 3.5 மி.மீ. இருந்தா முழு அடி இப்போ தேவையில்லை. முன்பாதிக்கு மெல்லிய ரப்பர் அடி ஒட்டினா போதும், 2 மி.மீ. ஷீட். இதை நம்ம ஊர்லயே செய்யலாம், ஆனா பக்கத்துல நின்னு செய்யச் சொல்லுங்க, ஏன்னா ஒரு இடத்துல தப்பு நடக்கும்.

அடியில தையல் எப்படி இருக்குன்னு முதல்ல பாருங்க. வரிசையா நூல் வெளியே தெரிஞ்சா, இல்ல மெல்லிய தோல் மடிப்புக்குள்ள மறைஞ்சிருந்தா, ரெண்டுக்கும் கவனம் வேற. நூல் வெளியே தெரியுற அடியை மோட்டார்ல வச்சு உரசினா ஒரே நிமிஷத்துல நூல் அறுந்துடும். பிளேக் தையல் பெரும்பாலும் சங்கிலித் தையல். ஒரு இடத்துல அறுந்தா அங்கிருந்து உருவிக்கிட்டே போகும். அதனால மோட்டார் வேண்டாம், 60-ஆம் நம்பர் உப்புத்தாளைக் கையால போட்டு, தையல் பள்ளத்தை விட்டுட்டு, மேல் மினுக்கம் போய் நார் எழும்பற வரைக்கும் மட்டும். ரப்பரின் ஒட்டுற பக்கத்தையும் உரசணும்.

ரெண்டு பக்கமும் நியோப்ரீன் சொல்யூஷன் (ஷூ ஒட்டுற பசை) மெல்லிசா. தோல் முதல் கையைக் குடிச்சுடும், காய்ஞ்சதும் ரெண்டாவது கை. 15 முதல் 20 நிமிஷம் விட்டு, விரல்ல தொட்டா ஒட்டாத பதம் வந்ததும், தலைமுடி காய வைக்கிற டிரையரால லேசா சூடு காட்டி, விரல் முனையிலிருந்து பின்னாடி ஒட்டிக்கிட்டே வரணும். ஈரமா இருக்கும்போதே ஒட்டுறதுதான் எல்லாரும் பண்ற அவசரம். உள்ளே ஆவி அடைபட்டு நடுவுல குமிழ் நிக்கும், மழையில அங்கிருந்து பிரியும். ஒட்டினதும் சுத்தியலால நடுவிலிருந்து ஓரத்துக்கு அடிச்சு, ஒரு நாள் முழுக்கப் போடாம வச்சிருங்க. ரப்பரின் பின்விளிம்பு நடுப்பாதத்து வளைவுக்கு முன்னாடியே முடியணும், விளிம்பைச் சரிவா சீவணும். கனமா விட்டா படி ஏறும்போது தட்டும்.

மழைக்காலத்துல வேலை குடுக்காதீங்க. காத்துல ஈரம் கூடினா சொல்யூஷன் மேல பனி படியும், கண்ணுக்குத் தெரியாது, பிடிமானம் பாதியா ஆயிடும். வேற வழியில்லாட்டா ஃபேனை நிறுத்திட்டு டிரையர் சூட்டுல ரெண்டு பக்கத்தையும் உலர்த்திட்டு ஒட்டச் சொல்லுங்க.

நம்ம ரப்பர் மாவட்டம், பால் ரப்பர் கிரேப் அடி போடலாமேன்னு சிலர் சொல்வாங்க. லோஃபருக்கு ஆகாது. சூட்டுல இளகி மண்ணெல்லாம் ஒட்டிக்கும், எண்ணெய் பட்டா கரைய ஆரம்பிக்கும். கலப்பு ரப்பர் ஷீட்டே சரி.

---

வேளிமலை | தக்கலை

‘அல்ம’ என்று தெரிந்தால் அல்மான்சாவாக இருக்க நல்ல வாய்ப்பு. பிளேக் தையலும் அந்த ஊருக்குப் பொருந்தும். பொலோனியா முறை என்று ஒன்றும் அங்கே செய்கிறார்கள், மக்னானி அதற்குப் பெயர் பெற்றது: முன்பாதியில் லைனிங்கைப் பையாகத் தைத்து, இன்சோல் இல்லாமல் அடியோடு இணைப்பார்கள். உங்களுடையதில் இன்சோல் விரல் முனை வரை போகிறதா, நடுவில் நின்று லைனிங் மட்டும் தொடர்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பை முறையாக இருந்தால் முழு அடி மாற்றும் நாள் வரும்போது பட்டறையில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கழற்றும்போது லைனிங் கிழிந்துவிடும்.

விற்பவர்கள் பழைய ஸ்பெயின் ஷூ என்றாலே ‘கார்டோவன்’ என்று போட்டு விலையேற்றுவதும் நடக்கிறது. கோர்தோபா நகரத்துப் பழைய பெயர்பெற்ற தோல் ஆட்டுத்தோல். இப்போது ஷூவில் கார்டோவன் என்று சொல்வது குதிரையின் பின்பக்கத் தோலிலிருந்து எடுக்கும் அடுக்கு. அது மடங்கும் இடத்தில் நுண்சுருக்கம் விழாது, உருண்டையாக அலை எழும்பும். தம்பியின் ஜோடியில் மெல்லிய கீறல் விழுந்திருப்பதே அது பூச்சு ஏற்றிய மாட்டுத்தோல் என்பதற்குச் சான்று. அதனால் மதிப்புக் குறைந்துவிடவில்லை. கைச்சுருக்குத் தையல்தான் இதில் பார்க்க வேண்டிய வேலைப்பாடு.

குதி கழன்று வருவதற்கு: புது நடையில் 5 மி.மீ. வரை ஏறி இறங்கினால் இயல்புதான், அடி வளைந்து பழகியதும் குறையும். அதற்கு மேல் என்றால் குதியில் பஞ்சு ஒட்டாதீர்கள், அது பாதத்தை முன்னுக்குத் தள்ளி விரலை நெருக்கும். குறுக்குப் பட்டைக்குக் கீழே, மேல்தட்டின் உள்பக்கம் 2 அல்லது 3 மி.மீ. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) துண்டு ஒட்டுங்கள். பாதத்தின் மேல்கட்டு அதில் மோதிக் குதி பின்னுக்குப் போய் உட்காரும்.

நம் பக்கம் வீடு, கோவில், பள்ளிவாசல் என்று ஒரு நாளில் பத்துத் தடவை ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கிறது. லோஃபர் அதற்கு வசதி. ஆனால் ஒரு காலால் மற்றக் குதியை மிதித்துக் கழற்றுவதும், குதியைச் சவட்டி உள்ளே நுழைப்பதும் பின்குதியின் உள்ளே இருக்கும் கெட்டித் தகட்டை உடைத்துவிடும். உடைந்தால் அதை மாற்றப் பின்பாதியையே பிரிக்க வேண்டும். பையில் சிறிய ஷூ ஹார்ன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

முட்டம்_காற்று | முட்டம்

எல்லாம் சரி செஞ்சு பழைய பெட்டியில மூடி வச்சா அடுத்த மழைக்குள்ள பூஞ்சை திரும்ப வந்துடும். நமக்கு ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொண்ணு. ரெண்டுக்கும் இடையில தோல் முழுசா காய நேரமே கிடைக்காது. காத்து ஈரம் 70 சதவீதத்துக்கு மேல நின்னா பூஞ்சை முளைக்கும். தோலுக்கு 45 முதல் 55 வரைக்கும் நல்லது. சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒண்ணை அலமாரிக்குள்ள வைங்க.

மழை மாசத்துக்கு மட்டும் மூடி இறுகுற பிளாஸ்டிக் டப்பா, ஜோடிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல், ஆரஞ்சு நிறத்துலிருந்து பச்சையாகுற வகை. பச்சையானதும் மின்சார ஓவன்ல 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் வச்சா திரும்ப ஆரஞ்சாகும். ஷூ முழுசா காஞ்ச பிறகுதான் டப்பாவுக்குள்ள போகணும், ஈரத்தோட மூடினா டப்பாவே பூஞ்சைப் பண்ணை. ஈரமானி 40-க்குக் கீழ இறங்கினா ஜெல்லைப் பாதியா குறைங்க, ரொம்பக் காஞ்சாலும் அந்தக் கீறல் ஆழமாகும். அந்துருண்டை வைக்கிறவங்க நிறைய பேர். அது பூச்சிக்கு ஆகும், பூஞ்சையை நிறுத்தாது, லைனிங்ல ஏறின வாடையும் போகாது.

உள்ளே திணிக்க அச்சில்லாத வெள்ளைத் தாள். செய்தித்தாள் மை வெளிர் லைனிங்ல இறங்கும். மரக்கட்டை வைக்கிறதா இருந்தா வார்னிஷ் அடிக்காத, நல்லா காஞ்ச மரம். வார்னிஷ் அடிச்சா ஈரத்தை இழுக்காது. கட்டை வாயை விரிக்கிற அளவுக்கு இறுக்கமா இருக்கக் கூடாது, லோஃபர் சொன்னபடி விரிஞ்சுடும்.

கடற்கரைக்காரங்களுக்குக் கூடுதலா ஒண்ணு. உப்புக் காத்து தோல்ல படிஞ்சா உப்பு காத்திலிருந்து ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். கடற்கரைப் பக்கம் போட்டுட்டு வந்தா அன்னைக்கே ஈரத்துணியால துடைச்சு நிழல்ல காய வைங்க, மறுநாள் அதே ஜோடியைப் போடாதீங்க. குஞ்சத்துக்குப் பதிலா பித்தளைக் கொக்கி இருக்கிற லோஃபர்ல தோலும் பித்தளையும் தொடுற இடத்துல பச்சைக் களிம்பு வரும். தோல்ல இருக்கிற கொழுப்பும் செம்பும் சேர்றதால வர்றது. பல்குச்சியால சுரண்டி எடுத்து, பித்தளையில மெழுகு தடவினா மெதுவா வரும்.

பழைய ஸ்பெயின் ஷூ தேடுறவங்க அடி என்னன்னு கேட்டுட்டு வாங்குங்க. பாலியூரித்தேன் அடி போட்டதுன்னா, ஒரு நாளும் போடாம பெட்டியிலயே இருந்தாலும் ஈரத்துல தானா சிதையும். பார்க்க முழுசா இருக்கும், காலை வச்சதும் புண்ணாக்கு மாதிரி உதிரும். தோல் அடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

---

இரணியல்_42 | இரணியல்

தடவிப் பார்த்தேன், இன்சோல் விரல் முனை வரைக்கும் போகுது, அதனால பை முறை இல்லை. அடியில நூல் வெளியே தெரியல, ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு மட்டும் இருக்கு. குத்தூசி அண்ணன் சொன்ன மடிப்பு அதுதானா? அந்தக் கோட்டுக்கு மேல உரசலாமா?

---

குத்தூசி | மார்த்தாண்டம்

அதேதான். தோலைச் சரிவா கீறித் தூக்கி, உள்ளே தைச்சு, மடிப்பை மூடி ஒட்டியிருக்காங்க. நல்ல வேலை. விரல் பக்கம் 3.5 மி.மீ. ஆகிற அளவுக்குத் தேய்ஞ்சிருக்கிறதால அங்கே மடிப்பு காகித அளவுக்கு மெலிஞ்சிருக்கும். அந்தக் கோட்டிலிருந்து உள்பக்கமா 6 மி.மீ. வரைக்கும் கையால ரெண்டு மூணு இழுப்பு மட்டும், அதுக்கு மேல போகாதீங்க. மடிப்பு எங்கேயாவது தூக்கிக்கிட்டு இருந்தா முதல்ல அதுக்குள்ள குச்சியால சொல்யூஷன் விட்டு அழுத்தி ஒட்டி, காஞ்சதும் உரசுங்க. குதி வேலையை முதல்ல முடிச்சுட்டு ரப்பர் ஒட்டுங்க. குதி உயரம் மாறினா முன்பாதி தரையில உட்கார்ற இடமும் மாறும்.